கொக்கோ மரத்துக்கு ஏற்ற வெம்மை

கொட்டாஞ்சேனையிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. அவர் தம் வீட்டு முற்றத்தில் பெரிய சீமெந்துத் தொட்டியொன்றில் கொக்கோ மரம் ஒன்றை வளர்த்து வருகிறார். மரம் பூக்கிறது, பிஞ்சும் பிடிக்கிறது. ஆயினும் பிஞ்சுகள் சுண்டுவிரலளவு வந்ததும் கறுத்துச் சுருங்கி, கீழே விழாமல் மரத்திலேயே காய்ந்து நிற்கின்றனவாம். கொழும்பின் வெப்பந்தான் இதற்குக் காரணமா என்பது முதல் வினா. இரண்டாவது வினா சற்றுப் பாரமானது. அவருடைய மைத்துனருக்கு மாத்தளைப் பகுதியில் இரண்டு ஏக்கர் காணி உண்டு. அங்கே முள்முருக்கு, பலா முதலிய மரங்களின் நிழலில் கொக்கோ நிற்கிறது. கொக்கோ விலை உயர்ந்த செய்தியைக் கேட்ட மைத்துனர் நிழல் மரங்களைத் தறித்து விற்றுவிட்டுக் கொக்கோவை நெருக்கி நட எண்ணுகிறார். அவருடைய தாயாரோ ஒரு மரத்தையும் தொடவிடேன் என்கிறார். மர வியாபாரி அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறாராம். அதற்குள் மறுமொழி வேண்டுமென்று அன்பர் கேட்டிருக்கிறார்.

இரண்டு வினாக்களுக்கும் அடிப்படை ஒன்றே. கொக்கோ மரம் எவ்வளவு வெப்பத்தை விரும்புகிறது, எவ்வளவைப் பொறுக்கும் என்பதை அறிந்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

கொக்கோவின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசன் காடுகள். அங்கே அது வானளாவிய மரங்களின் கீழ், அவற்றின் இலைகளினூடே சிந்தும் வெயிலை உண்டு வாழும் சிறு மரம். 1753இல் இலின்னேயசு என்னும் அறிஞர் அதற்குத் 'தெய்வங்களின் உணவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பெயர் எவ்வளவு உயர்ந்ததாயினும், மரம் காட்டின் அடித்தட்டில் வாழப் பழகியதே. காற்றடிக்காத, ஈரப்பதன் மிகுந்த, இரவும் பகலும் வெப்பநிலை பெரிதும் மாறாத சூழலில் அது பன்னெடுங்காலம் வாழ்ந்து வந்தது. அப்பழக்கத்தை அது இன்றும் விட்டுவிடவில்லை.

அபிஜான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச கொக்கோ நிறுவனம் கூறும் அளவு இது: உயர்ந்த வெப்பநிலையின் ஆண்டுச் சராசரி 30 முதல் 32 பாகை வரையும், தாழ்ந்த வெப்பநிலையின் சராசரி 18 முதல் 21 பாகை வரையும் இருத்தல் நன்று. ஆண்டு மழை 1,500 முதல் 2,000 மில்லிமீற்றர் வரை வேண்டும். 100 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் மாதங்கள் மூன்றுக்கு மேற்படலாகாது. நாம் கூறும் பாகையெல்லாம் செல்சியசுப் பாகையே. பழைய பரனைற்றுக் கணக்கில் பழகிய மூத்தோர் 30 பாகையை 86 என்று கொள்க.

மாணவ நண்பர்கள் இலங்கைப் படத்தை விரித்துவைத்துக்கொண்டால் இவ்வளவுகளின் பொருளை எளிதிற் காணலாம். கடல் மட்டத்திலுள்ள கொழும்பில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 அல்லது 28 பாகை. மேலே ஏற ஏற, ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வீதம் வெப்பம் குறைகிறது. ஐந்நூறு மீற்றர் உயரத்தை அடுத்துள்ள கண்டியில் அது 24, 25 பாகையளவில் நிற்கிறது. கொக்கோவுக்கு இது மிகவும் உகந்தது. அதனிலும் தாழ்ந்த மாத்தளையும் அவ்வாறே. கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலேயுள்ள நுவரெலியாவிலோ சராசரியே 16 பாகைதான். தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு. தேயிலைக்கு அக்குளிர் நறுமணத்தைத் தருகிறது. கொக்கோவுக்கு அது மரணத்தைத் தரும். வெப்பநிலை 10 பாகையை நெருங்கினாலே அம்மரம் ஊறுபடத் தொடங்கிவிடும். ஆகவே மாத்தளை, கண்டி, குருநாகல், கேகாலை, பதுளை, மொனராகலை ஆகிய மாவட்டங்களில், நடு உயரத்திலும் அதற்குக் கீழும் கொக்கோ இடம் பிடித்திருப்பது தற்செயலன்று.

அப்படியானால் யாழ்ப்பாணத்தில் ஏன் கொக்கோ இல்லை என்று வெள்ளவத்தை வாசகர் பலர் கேட்கக்கூடும். அங்கே சராசரி வெப்பநிலை கொழும்பினதைப் போன்றதே. வெப்பமானி ஒன்றையே நம்புவோர் தவறுவது இவ்விடத்தில்தான். யாழ்ப்பாணத்தின் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டி ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் மாதக் கணக்கில் வறட்சி. போதாக்குறைக்குச் சோளகக் காற்று வேறு. பனை அதைச் சிரித்துக்கொண்டே தாங்கும். பெரிய, மெல்லிய இலைகளையுடைய கொக்கோ கிழிந்து உலர்ந்துபோகும். வெப்பம் தனியே நின்று கொல்வது குறைவு. அது வறட்சியைத் துணைக்கழைத்துக்கொண்டு வரும்போதே கொல்கிறது.

இது எவ்வாறு நிகழ்கிறது என்று பார்ப்போம். இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத இலைவாய்கள் உள்ளன. காபனீரொட்சைட்டு உட்செல்வதும் ஆவியுயிர்ப்பின்போது நீராவி வெளியேறுவதும் அவ்வழியாகவே. காற்றின் வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால், அது கொள்ளக்கூடிய நீராவியின் அளவு இரு மடங்கை நெருங்கிவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் அதற்கேற்ப உயராவிட்டால், அக்காற்று தாகங்கொண்ட விலங்கைப்போல் இலையிலிருந்து நீரை உறிஞ்சும். வேர் அனுப்பும் நீர் போதாதபோது மரம் தன்னைக் காத்துக்கொள்ள இலைவாய்களை மூடிக்கொள்கிறது. நீர் வெளியேறுவது குறையும். அதே வேளையில் காபனீரொட்சைட்டு உட்புகுவதும் குறையும். ஒளித்தொகுப்பு தளர்ந்துவிடும். சுவாசமோ நிற்பதில்லை. வெப்பம் ஏற ஏற அது விரைவடைந்து, சேமித்த மாப்பொருளைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். வருவாய் நின்று செலவு மட்டும் ஏறும் குடும்பத்தின் நிலைமையே இது. ஈரம் நிறைந்த நிழலில் 31, 32 பாகையிலும் நன்றாக உழைக்கும் கொக்கோ இலை, உலர்ந்த வெட்டவெளியில் அதே வெப்பத்தில் நண்பகலுக்கு முன்பே கதவடைத்துவிடும்.

இனிப் பூவுக்கு வருவோம். பலாவைப் போலவே கொக்கோவும் அடிமரத்திலும் முதிர்ந்த கிளைகளிலும் பூத்துக் காய்ப்பது. பூ மிகச் சிறியது. ஒரு மரத்தில் ஓராண்டில் ஆயிரக்கணக்கில் பூக்கள் மலரும். அவற்றுள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே பிஞ்சாகும். விடியற்காலையில் மலரும் பூவில் ஓரிரு நாட்களுக்குள் மகரந்தம் சேராவிட்டால் அது உதிர்ந்துவிடும். அவ்வேலையைச் செய்வது தேனீயன்று, கொசுவினும் சிறிய ஓர் ஈ. மரத்தடியில் மக்கிக் கிடக்கும் ஈரச் சருகுகளிலேயே அது இனம் பெருக்குகிறது. தோட்டத்தைக் கூட்டித் துப்புரவாக்குவதில் ஊக்கமுள்ளவர்கள் தம்மையறியாமலே அச்சிற்றீயின் குடியைக் கெடுத்துவிடுகிறார்கள். வெயில் நேரே விழுந்து சருகு உலர்ந்தாலும் அதே கேடுதான்.

குளிரும் பூவைத் தடுக்கும். பிரேசில் நாட்டின் பாஹியா மாநிலத்தில் குளிர் மாதங்களில் சராசரி வெப்பநிலை 23 பாகைக்குக் கீழே இறங்கும்போது கொக்கோ பூப்பது அருகிவிடுவதை அங்குள்ள ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். காய் முதிரும் காலத்தையும் வெப்பமே வகுக்கிறது. பொதுவாக ஐந்து மாதம் முதல் ஆறு மாதம் வரை செல்லும். வெம்மையான பருவத்தில் காய் விரைந்து பழுக்கும், குளிர்ந்த பருவத்தில் தாமதிக்கும். விரைவு எப்போதும் நன்மையன்று. இங்கிலாந்தின் றெடிங் பல்கலைக்கழகத்தார் கண்ணாடி வீடுகளில் வெவ்வேறு நாடுகளின் சுவாத்தியத்தை உண்டாக்கி கொக்கோ வளர்த்து ஆராய்ந்துள்ளனர். வெப்பம் கூடியபோது காய்கள் முந்திப் பழுத்தன. சில இனங்களில் பிஞ்சுகள் கருகுவதும் கூடியது.

அன்பரின் பிஞ்சுகளுக்கு நேர்ந்ததும் இதுவே. கொக்கோ மரம் தன்னால் ஊட்டி வளர்க்க முடியாத பிஞ்சுகளைத் தானே கைவிட்டுவிடும். மாமரம் உதிர்ப்பதை இது உதிர்ப்பதில்லை. பிஞ்சு மஞ்சளித்துக் கறுத்து மரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் இரண்டு இரண்டரை மாதங்களுக்குள் இது நடக்கும். ஓரளவு நடப்பது இயற்கை. எல்லாமே கருகினால் மரத்துக்கு உணவோ நீரோ போதவில்லை என்பது பொருள். கொழும்பின் காற்று வெப்பநிலை இதற்கு முழுக் காரணமாகாது. சீமெந்துத் தொட்டி, சீமெந்து முற்றம், எதிரே வெயிலை வாங்கித் திருப்பி வீசும் மதிற்சுவர் ஆகிய மூன்றும் சேர்ந்து அம்மூலையைக் கொழும்பினும் வெப்பமாக்கிவிடுகின்றன. தொட்டி மண் சூடேறினால் வேர் உழைக்காது. தொட்டியைக் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றி, மண்ணின்மேல் தென்னந்தும்பும் சருகும் பரப்பி, கோடையில் நாள்தோறும் நீர் வார்த்துப் பார்க்கட்டும். துறைமுகப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றுக்கும் ஒரு மறைப்பு வேண்டும். இவ்வளவு செய்த பின் நாலைந்து காய் நின்றாலே அது பெரிய வெற்றி என்று கருதுக. இடமிருந்தால் நிலத்திலேயே நடுவது இன்னும் மேல்.

மைத்துனரின் காணிக்குப் போகுமுன் சிறிது பழங்கதை கூறுவது பயனுடையது. 1869இல் இலங்கையில் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வழியில் எத்தனையோ பேரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் எழுந்த தோட்டங்கள் அவை. மாற்றுப் பயிர் தேடிய துரைமார் தேயிலையை மட்டும் நாடவில்லை. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் கொக்கோவைப் பயிரிடுமாறு ஊக்கினார். 1870களில் தும்பறைப் பள்ளத்தாக்கிலே, பல்லேகலைத் தோட்டத்தில் தைற்லர் என்பவர் அதைப் பெருமளவில் நட்டார். இன்று கிரிக்கெட் மைதானத்தால் இளைஞர் யாவரும் அறிந்த அதே பல்லேகலைதான். தேயிலைக்கு வெப்பம் மிகுந்ததெனக் கருதப்பட்ட தாழ்ந்த பள்ளத்தாக்குகள் கொக்கோவுக்குக் கிடைத்தன. வெப்பமானியே அக்காலத்தில் காணிகளைப் பங்கிட்டுக் கொடுத்தது எனலாம்.

அக்காலத்திலேயே நிழலைப் பற்றிய வழக்கும் தொடங்கிவிட்டது. நிழல் குறைந்த இடத்தில் மரம் வெயிலில் வாடியது, பூச்சி மிகுந்தது. நிழல் அடர்ந்த இடத்திலோ வேறொரு தொல்லை. 1890களின் இறுதியில் கொக்கோ மரங்களின் பட்டையை அரித்த நோயை ஆராய வந்த கறுதேர்ஸ் என்னும் அறிஞர், அது பங்கசினால் விளைவது என்றும், அளவுக்கு மிஞ்சிய நிழலும் ஈரமும் அதற்குத் துணைபோகின்றன என்றும் எடுத்துக்காட்டினார். காய்களைக் கருக்கும் கருங்காய் நோயும் குளிர்ந்த ஈரநாட்களில்தான் பரவும். ஆக, நிழல் மரம் வெப்பத்திலிருந்து காக்கிறது, மிஞ்சினால் நோயைக் கூட்டுகிறது. தாயார் சொல்வதில் உண்மை உண்டு என்றாலும், ஒரு கிளையையும் தொடலாகாது என்பது மிகை.

மைத்துனரின் கருத்தும் வெறும் பேராசையன்று. கானா நாட்டின் தாபோ ஆராய்ச்சி நிலையத்தில் 1950களின் பிற்பகுதியில் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு பகுதியில் நிழலை அகற்றி உரமிட்டார்கள். இன்னொரு பகுதியில் நிழலை விட்டுவைத்தார்கள். முதற் சில ஆண்டுகளில் நிழலற்ற பகுதி மும்மடங்கை எட்டுமளவுக்கு விளைந்தது! அதைப் பார்த்தவர் எவரும் கோடரியைக் கையில் எடுத்திருப்பர். பத்தாண்டு சென்றதும் அப்பகுதியின் விளைச்சல் விரைந்து சரியத் தொடங்கியது. மரங்கள் சத்திழந்து, பூச்சிக்கும் நோய்க்கும் இரையாகித் தம் வயதுக்கு முன்பே தளர்ந்தன. நிழலில் நின்றவை குறைவாகத் தந்தாலும் நின்று தந்தன. அங்கே உரம் தட்டின்றிக் கிடைத்தது, ஆராய்ச்சியாளர் நாளும் பார்த்தனர் என்பதையும் மறத்தலாகாது. இரண்டு ஏக்கர்க் குடியானவருக்கு அவ்வசதி ஏது?

அன்றைய கானாவினும் இன்றைய உலகம் வெப்பமானது என்பது மற்றொரு செய்தி. உலகின் கொக்கோவிற் பாதிக்கு மேல் ஐவரிகோஸ்ற், கானா என்னும் இரு அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. 1983இல் கானாவைத் தாக்கிய வறட்சியிலும் காட்டுத்தீயிலும் பெருந்தொகையான கொக்கோத் தோட்டங்கள் எரிந்தழிந்தன. கொலம்பியாவிலுள்ள வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே கொக்கோவுக்கு மிகவும் ஏற்ற உயரம் 100 முதல் 250 மீற்றராக இருந்தது. 2050இல் அது 450, 500 மீற்றருக்கு ஏறிவிடுமாம். 2025 பெப்ரவரியில் கிளைமேற் சென்றல் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட கணக்கொன்று, கடந்த பத்தாண்டில் அவ்விரு நாடுகளிலும் முதன்மையான விளைச்சற் பருவத்தில் 32 பாகைக்கு மேற்பட்ட நாட்கள், காலநிலை மாற்றத்தால் ஆண்டுக்கு மூன்று கிழமையளவு கூடிவிட்டன என்கிறது. 2024 திசம்பரில் கொக்கோ விலை தொன்னுக்கு 12,000 டொலரைக் கடந்ததற்கு வெப்பம் மட்டுமே காரணமன்று. அளவு மீறிய மழை, வைரசு நோய், மூத்துத் தளர்ந்த மரங்கள், உழவர்க்குக் கிடைத்த அற்ப விலை யாவும் சேர்ந்தே அந்நிலையை உண்டாக்கின. அவ்விலையும் நிலைக்கவில்லை, 2025இல் பெரிதும் இறங்கிவிட்டது. கொக்கோக் கன்று நட்டு நன்கு காய்க்க நாலைந்து ஆண்டு செல்லும். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவர் அடுத்த ஐந்தாண்டின் விலைக்கே விற்கப்போகிறார்.

நமது கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறோம். மர வியாபாரியை வரவேண்டாமென்று கூறிவிடுவது நன்று. நிழல் மரங்களைத் தறிக்க வேண்டாம், கிளை கழிக்க வேண்டும். இளங்கன்றுகளுக்குப் பாதிக்கு மேற்பட்ட நிழலும், காய்க்கும் மரங்களுக்குக் கால்வாசி முதல் மூன்றிலொன்று வரையான நிழலும் போதும். மழைக்காலம் தொடங்குமுன் முள்முருக்கின் கிளைகளைக் கழித்தால் காற்றோட்டம் உண்டாகிக் கருங்காய் நோய் குறையும். கழித்த தழையை மரத்தடியிலேயே பரப்பலாம். அது மண்ணைக் குளிரச் செய்யும், உரமும் ஆகும். கோடை வருமுன் கிளைகள் தழைத்து மீண்டும் குடை விரித்துவிடும். இரண்டு பலா நெருங்கி நின்றால் ஒன்றைத் தறிப்பதற்குத் தாயாரும் இசைவார் என்று நம்புகிறோம். வெறுமையான இடங்களில் புதுக்கன்று நடலாம். மாத்தளையிலேயே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. காணியின் உயரத்தையும் மண்ணையும் சொல்லி, எந்த இனம் ஏற்றது என்று அங்கே கேட்டறிவது கடைக்காரர் சொல்வதைக் கேட்பதிலும் மேல்.

கொக்கோ மரத்தில் வெப்பம் செய்யும் வேலை காய் பறித்ததோடு முடிவதில்லை என்பதையும் மாணவர்க்குச் சொல்ல விரும்புகிறோம். விதைகளை வெண்ணிறச் சதையோடு குவித்து வாழையிலையால் மூடிவைத்தால், மதுவமும் பற்றீரியாவும் அதை நொதிக்கச் செய்யும். குவியலின் உட்புறம் தானாகவே 45, 50 பாகை வரை சூடேறும். அச்சூட்டிலும் புளிப்பிலும் விதையின் முளை இறக்கிறது. அது இறந்த பின்னரே சொக்லேற்றின் மணத்துக்கு வித்தான பொருள்கள் உள்ளே உருவாகின்றன. நொதிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் அம்மணம் வாராது.

வியப்பான செய்தி இன்னொன்று. விதையிலுள்ள கொழுப்பு, தான் விளைந்த நிலத்தின் வெப்பத்தை நினைவில் வைத்திருக்கிறது. மலேசியாவின் வெம்மையில் விளைந்த கொக்கோவின் கொழுப்பு கட்டியானது. பாஹியாவின் குளிர் மாதங்களில் முதிர்ந்ததோ மென்மையானது, குறைந்த வெப்பத்திலேயே இளகும். நன்கு செய்த சொக்லேற் ஏறத்தாழ 34 பாகையில் உருகும். உடலின் 37 பாகைக்கு அது சற்றுக் குறைவானபடியால் நாவில் வைத்ததும் கரைகிறது. வெள்ளவத்தைக் கடைகளில் வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் வாங்குமுன்பே கரைகிறது. உருகி மீண்டும் இறுகிய சொக்லேற்றின்மேல் சாம்பல் பூத்தாற்போல வெண்மை படிந்தால் பூஞ்சணம் என்று எறிந்துவிட வேண்டாம். கொழுப்பு வெளியே வந்து உறைந்ததே அது. தின்பதால் தீங்கில்லை.

சொக்லேற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பழக்கத்தினால், நடுவதற்கென்று வாங்கிய கொக்கோ விதையையும் அதற்குள் வைத்துவிடுவோர் உளர். நெல்லைப்போல் உலர்த்திச் சேமிக்கக்கூடிய விதையன்று அது. உலர்ந்தாலும் சாகும், குளிர்ந்தாலும் சாகும். காயை உடைத்த பின் ஓரிரு நாட்களுக்குள் சதையைக் கழுவி நீக்கி, பருத்த முனை கீழே இருக்கும்படி நிழலில் ஊன்றிவிட வேண்டும். சில நாட்கள் பொறுக்க நேர்ந்தால் காயை உடைக்காமலே திண்ணையோரத்தில் வைத்திருப்பது நல்லது.